தோப்புக்காரரின் பிஸ்டலுக்கு என்ன கோளாறு

"சடக்." விழுங்கப்போனது தொண்டையில் குறுக்கே நின்றுவிட்ட சத்தம்.

போன வாரம் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். மெஷின் பாதித் தாளைத் தின்றுவிட்டு மீதியை நாக்குபோல வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைப் பெண் மூடியைத் திறந்தாள், மூடினாள், தட்டினாள். எனக்குப் பின்னால் நின்றவர், "வேலை தெரிஞ்சவங்கள உக்கார வைக்க மாட்டானுங்களா? காலைலேர்ந்து இதே பேஜார்" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். தப்பு செய்யாதவர்கள் தப்பை ஏற்றுக்கொள்ளும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

எனக்குக் காதுக்குள் ரத்தம் ஏறிவிட்டது. "மெஷின் நின்னா அந்தப் பொண்ணு இன்னாய்யா பண்ணும்? நீ வந்து தொறந்து பாரேன்" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோ ஸ்டாண்டே திரும்பியது. ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி ஒரு தாளுக்காக இப்படிக் கத்துவாளா என்று பயந்துபோய் அந்தப் பெண்ணே எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். தாளுக்காக இல்லை, கண்ணே. இந்தக் கோபத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. என்னோடுதான் வளர்ந்தது. எனக்கு வந்த மூட்டுவலி மட்டும் அதற்கு வரவில்லை.

என் அத்தா, அதாவது அப்பா, துப்பாக்கி ரிப்பேர் செய்தவர். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் அரையடி பின்னால் போகிறார்கள். பல்லாவரத்தில் சந்தைத் தெருவை ஒட்டி எங்கள் வீடு. முன்னறையில் சட்டம் போட்டு மாட்டிய அரசாங்க லைசென்ஸ், அதற்குக் கீழே ஒரு மேஜை, மேஜைக்குக் கீழே நான். திரிசூலம் மலையில் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். தலைக்கு மேலே விமானம் இறங்கும். தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் காற்றோடு வந்து சோற்றில் உட்காரும். இத்தனைக்கும் நடுவில் அத்தா ஒரு பழைய பிஸ்டலைக் காதோரம் வைத்து மேலே சறுக்கி ஓடுகிற ஸ்லைடை மெல்ல இழுத்து விடுவார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல. எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று கேட்பார்.

வந்தவையெல்லாம் வயதான துப்பாக்கிகள். துரைமார் விட்டுப்போனவை, எஸ்டேட் மேனேஜர்களின் மகன்களுக்கு வந்து சேர்ந்தவை, சுட்டு முப்பது வருடம் ஆனவை. அவற்றுக்கு வரும் நோய் இரண்டே இரண்டு என்பார் அத்தா. ஒன்று, ஊட்டினால் தின்னாது. இன்னொன்று, தின்றதைத் துப்பாது.

தின்னாததற்கு மேகஸினைப் பார்க்க வேண்டும். குண்டுகளை வரிசையாக அடுக்கி வைக்கிற அந்தத் தகரக் கூட்டுக்கு வாய் உண்டு, உதடு உண்டு. அடியில் இருக்கிற ஸ்பிரிங் சோர்ந்துபோனால் குண்டு நேரத்துக்கு மேலே வராது. உதடு விரிந்திருந்தால் முந்திக்கொண்டு துள்ளும். உதடு இறுகியிருந்தால் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குழல் வாசலுக்கு ஏறுகிற சரிவில் போய் முட்டி நிற்கும். அப்போதுதான் அந்த "சடக்." துப்பாததற்குக் கொக்கியைப் பார்க்க வேண்டும். வெடித்து முடிந்த காலித் தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கிற நகம் அது. நகம் தேய்ந்தாலோ அடியில் அழுக்கு சேர்ந்தாலோ, காலித் தோட்டா வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

சோதித்துப் பார்க்க அத்தா பித்தளையில் ஏழு பொய்க் குண்டுகள் கடைந்து வைத்திருந்தார். மருந்து இல்லாத, வெடிக்காத, மஞ்சள் குழந்தைகள். பிஸ்டல் குணமாகிவிட்டது என்றால் ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாவி ஜமுக்காளத்தில் விழும். பொறுக்கிக் கொடுப்பது நான். மற்ற பெண்களுக்குச் சோழி, எனக்கு அது.

தோப்புக்காரர் அந்த நாளில்தான் வந்தார். படப்பைப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு; வீடு கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், வெள்ளைச் செருப்பு. அவருடைய அப்பாவுக்கு ஒரு துரை கொடுத்துப்போன பெல்ஜியத்துப் பிஸ்டல் அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோப்பில் விருந்து; விருந்துக்குப் பிறகு பானைகளை வரிசையாக வைத்துச் சுடுவார். வந்தவர்கள் கைதட்ட வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் அல்லவா, அப்படிப் போன பிஸ்டல் ஒரு மாதம் ஓதம் ஏறிய அறையில் கிடந்து, துருப்பிடித்து, மேகஸின் நசுங்கித் திரும்பியது. அத்தா இன்னொரு மாதம் எடுத்துக்கொண்டார். சரிவைத் தேய்த்து வழவழப்பாக்கி, கொக்கியைச் சுரண்டி, உதட்டை நிமிர்த்தி, புது ஸ்பிரிங் போட்டு, ஏழு மஞ்சள் குழந்தைகளையும் தாவ வைத்தார். "பாய், உன் கைக்கு வளையல் போடணும்யா" என்று தோளில் தட்டிவிட்டு எடுத்துப் போனார் தோப்புக்காரர். அத்தாவின் முகம் அன்றைக்கு முழுதும் மலர்ந்தே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த கூடையோடு தோப்புக்காரர் வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவருக்கு மகள் என்று சொல்லக்கூடிய வயது, மனைவி. அம்மா அவளை உள்ளே கூட்டி வந்து உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

"அது திரும்பி வந்துடுச்சுண்ணா" என்றாள் அத்தாவிடம்.

"ஆமாம்மா. நல்லா போவுதா?"

"எலக்‌ஷனுக்கு ஒரு மாசம் ஸ்டேஷன்ல இருந்துச்சு. அப்புறம் ஒரு மாசம் உங்ககிட்ட. அந்த ரெண்டு மாசம் நான் தூங்கினேன்ணா."

அத்தா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கறார். உப்பு கம்மியா இருந்தா என்னைப் பார்க்க மாட்டார். அதைப் பார்ப்பார்."

மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மஞ்சள் குழந்தைகளைப் படுக்கவைத்துக்கொண்டிருந்த எனக்கு இதில் என்ன விசேஷம் என்று விளங்கவில்லை. எங்கள் வீட்டில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பிஸ்டலாவது கிடக்கும். அம்மா அவற்றை நகர்த்திவிட்டுச் சட்னிக் கிண்ணத்தை வைப்பாள். பிஸ்டலைப் பார்த்துப் பயப்படுகிற பெரிய மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. கோழை என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுத மாட்டேன்.

"போலீஸ்ல சொல்லிப் பார்த்தியாம்மா?" என்றார் அத்தா.

"ஞாயித்துக்கிழமை தோப்புல வந்து கைதட்டறதே அவங்கதான்."

வெளியே கருவாட்டுக்காரி யாரையோ தாயைப் பழித்துக்கொண்டிருந்தாள். அத்தா சொன்னார், "லைசென்ஸ் கீற பொருள்மா. நான் வச்சிக்க முடியாது. கேட்டா குடுத்துதான் ஆவணும்." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "ஆனா பழசு. பழசுக்கு நோவு வரும்."

இப்போது யோசித்தால் அந்த மனிதரின் புத்தியை நினைத்து எனக்கு மூச்சு நின்றுபோகிறது. சுடுகிற ஊசியை ஒடித்திருக்கலாம். ஆனால் ஒடித்தது ஒடித்ததாகத் தெரியும், கேள்வி வரும். தின்னாத நோய் அப்படியில்லை. கிழவனின் இருமல் மாதிரி. ஏன் இருமுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

குப்பையில் கிடந்த வேறொரு மேகஸினை எடுத்தார். அராவினார், தேய்த்தார், கருக்கினார். அசலுக்குக் கூடப்பிறந்ததுபோல ஆக்கினார். பிறகு அதன் உதட்டைக் குறட்டால் ஒரு எள்ளளவு, ஒரே எள்ளளவு, இறுக்கினார். முதல் குண்டே மூக்கைக் கவிழ்க்கும். அதற்கு மேல் எதுவும் ஏறாது. ஏதோ சாக்குச் சொல்லித் தோப்புக்காரரிடம் பிஸ்டலை ஒருமுறை கேட்டு வாங்கினார். திருப்பிக் கொடுக்கிற நாளில் அவர் கண்முன்னே அசல் மேகஸினைப் போட்டு ஏழு பொய்க் குண்டுகளையும் தாவ வைப்பார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றும்போது மேகஸின் மாறிவிடும். அசல், பிஸ்கட் டப்பாவில் எங்கள் அலமாரிக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் பிஸ்டல் ஞாயிற்றுக்கிழமை பானைகளுக்கு முன்னால் "சடக்" என்று நிற்கும். திங்கட்கிழமை எங்கள் மேஜைக்கு வந்துவிடும். மூன்று நாள் அங்கே, ஒரு மாதம் இங்கே. இப்படி இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடத்தில் தோப்புக்காரர் அதற்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. குண்டு பழசு என்றார்கள், மாற்றினார். எண்ணெய் போதவில்லை என்றார்கள், விளக்கெண்ணெயில் முக்கினார். அத்தா பல் விளக்கும் பிரஷ்ஷால் மூன்று நாள் கழுவினார். ஒருமுறை விசையைச் சுற்றிய வளையத்தில் திருஷ்டிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தது. மவுண்ட் ரோட்டில் பெரிய கடைக்குக் கொண்டுபோவதாக ஒவ்வொரு முறையும் மிரட்டுவார். ஆனால் அங்கே போனால் தன் பிஸ்டல் சுடாதது நான்கு பேருக்குத் தெரிந்துவிடும் என்பதால் போகமாட்டார்.

"உன் கைல ஓடுது, என் கைல ஓடல. இன்னா மாயம் பாய் இது?"

"எங்க வூட்டு காத்து ஒத்துக்குது சார் அதுக்கு" என்பார் அத்தா. அம்மா சமையலறையில் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள்.

அக்கா சில வெள்ளிக்கிழமைகளில் வருவாள். பேச மாட்டாள். அலமாரியைப் பார்ப்பாள், அத்தா தலையசைப்பார், அவள் போய்விடுவாள். எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் இதற்குள் ஊர் பேச ஆரம்பித்திருந்தது. பாய்க்குக் கண் போச்சு. பாய்க்குக் கை நடுக்கம். வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் குறைந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தீபாவளிக்கு மறுநாள் கேட்டாள்: "உங்க அப்பா கை வச்சா பொட்டு கேப்பு துப்பாக்கிகூட வெடிக்காதாமேடி?" வகுப்பே சிரித்தது. டீச்சரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நான் மேகஸின் மாறுவதைப் பார்த்திருந்தேன். எத்தனையோ முறை. என் கண்ணுக்கு எதிரேதானே நடந்தது. இவ்வளவு பெரிய வேலைக்காரர் தன்னையே ஏன் தோற்கடித்துக்கொள்கிறார்? அந்த அக்கா சொன்னதால். அவள் யார்? எங்களுக்கு என்ன உறவு? பத்து வயதின் நியாயம் மிகவும் கூர்மையானது. ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி அது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தா ஜும்மா தொழுதுவிட்டு அப்போதுதான் வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. அந்த முறை அவசரமென்று புதன்கிழமையே பிஸ்டலை வாங்கிப் போயிருந்தார்; முந்தின நாள் யாரோ பெரிய அதிகாரி தோப்புக்கு வந்திருந்தாராம். அவர் முன்னால் ஆறு முறை இழுத்தும் ஒரு குண்டு ஏறவில்லை. அதிகாரி, "பரவாயில்லை, கல் எறிந்து உடைத்துவிடலாம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தோப்புக்காரர் காரைவிட்டு இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். சந்தை நாள். தெரு முழுக்கச் சனம். பிஸ்டலை மேஜைமேல் எறிந்தார். அது லைசென்ஸ் சட்டத்துக்குக் கீழே சறுக்கிப்போய்ச் சுவரில் இடித்தது. பிறகு அத்தாவின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. இந்த ஆளு கைல இனிமே சாணை புடிக்கக் கத்திரிக்கோல்கூடக் குடுக்காதீங்க. ரெண்டு வருஷமா என்னை ஏமாத்திக்கினு கீறான். யோவ், ஒனக்குத் தொழில் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுய்யா. சொல்லு. எனக்குத் தொழில் தெரியாதுன்னு இவங்க முன்னாடி சொல்லு."

வெங்காயக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். எனக்குத் தினம் ஒரு கேரட் கொடுக்கிற பாட்டி பார்த்தாள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டுபேர் வளையல் தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். ஒருவரும் அந்தக் கையைச் சட்டையிலிருந்து எடுக்கவில்லை.

அத்தா சிரித்தார். "வயசாயிடுச்சு சார். எனக்குத் தொழில் தெரியல. மன்னிச்சிக்கங்க."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அடித்திருந்தால் கல்லை எடுத்திருப்பேன். சிரித்தார். நான் அலமாரிக்கு ஓடினேன். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். அசல் மேகஸினைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, என் வாழ்நாளில் அதற்கு முன் போட்டிராத குரலில் கத்தினேன்.

"எங்க அத்தாக்குத் தொழில் தெரியும்! நல்ல மேகஸினு எங்க வூட்லதான் கீது! இந்தா பாரு! ஒங்க வூட்டு அக்காதான் வந்து வந்து வேணாம்னு சொல்லும்! அதான் எங்க அத்தா மாத்தி மாத்திக் குடுத்தாரு!"

தெரு முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தோப்புக்காரர் சட்டையை விட்டார். முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. அதுதான் பயங்கரம் என்று எனக்குத் தெரியவில்லை. சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தேன். என்னிடமிருந்து மேகஸினை மெதுவாக வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ எப்ப பாய் வருவா இங்க?" என்று தங்கை வீட்டு விசேஷத்தை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

அத்தா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்தப் பார்வையில் அடி இல்லை, திட்டு இல்லை. எங்கே மூச்சு முட்டுகிறது என்று பார்க்கிற பார்வை. பிறகு பழைய குரலில் சொன்னார்:

"குழந்தை ஒளர்றா சார். இருந்தாலும் மேகஸினு மாறியிருக்கலாம், பாத்துடறேன். வாங்க, உள்ள வந்து உக்காருங்க. உங்க எதிர்லயே போட்டுக் காட்டிடறேன்." உள்ளே திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்: "சாருக்கு சோடா வாங்கினு வா. இவளையும் இட்டுனு போ, இங்க இருந்தா வாயாடிக்கினே இருப்பா."

தோப்புக்காரர் உட்கார்ந்தார். உட்காராமல் என்ன செய்வார்? பிஸ்டல் மேஜைமேல் இருந்தது. திருடன் என்று இப்போதுதான் தெரிந்த ஒருவனிடம் அதை விட்டுப்போக முடியுமா? அத்தா ஜமுக்காளத்தை விரித்தார். ஒரு மேகஸினை மாற்றிப் போட அரை நிமிடம் போதும். ஆனால் அத்தா திருப்புளியை எடுத்தார். பிடியின் மரத்தகடுகளைக் கழற்றினார். துண்டு துண்டாக இருக்கிறவரை அது பிஸ்டல் இல்லையே. பிற்காலத்தில் ஒருமுறை, அன்றைக்கு எத்தனை துண்டாகப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். "எத்தினி துண்டு கீதோ அத்தினியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வருடக் கடைசியில் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. சட்டத்தை மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அத்தா தையல் மெஷின் ரிப்பேருக்குப் போனார். அதற்கு அவர் ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருக்கலாம்.

அம்மா துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். சோடாக் கடை இடது பக்கம். அம்மா வலது பக்கம் திரும்பினாள். தெருமுனை வரை நடந்தாள். தெருமுனை தாண்டியதும் ஓடினாள். என் அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. செருப்பு ஒன்று கருவாட்டுக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் கழன்று விழுந்தது, எடுக்கவில்லை.

"சோடாக் கடை அந்தாண்டம்மா" என்றேன்.

"வாய மூடு."

எலெக்ட்ரிக் டிரெயினில் உட்கார இடம் இருந்தது. அம்மா நின்றாள். குரோம்பேட்டை வந்தது, சானடோரியம் வந்தது, இரண்டு இடத்திலும் வண்டி வேண்டுமென்றே தாமதிப்பதாக எனக்கே தோன்றியது. விலாசம் அம்மாவுக்கு மனப்பாடம். ரிப்பேர் ரிஜிஸ்தர் எழுதுவது அவள்தான், அத்தாவின் கையெழுத்து அவருக்கே புரியாது. அந்த இரண்டு வருடமும் மாதம் தவறாமல் அந்தத் தெருப் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரிய வீடு. வாசலில் பித்தளைப் பலகையில் அவர் பெயர். அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மா ஒரே வாக்கியம் சொன்னாள்:

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. கெளம்பு."

யார் சொன்னார்கள் என்று அக்கா கேட்கவில்லை. "எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு கழட்டிக்கினு கீறாரு. அவரு கை மெதுவா போவும்."

ஒரு ரெக்ஸின் பையில் இரண்டு புடவை, ஒரு டப்பா, ஒரு போட்டோ. அந்த வீட்டில் அவளுடையது என்று அவ்வளவுதான் கிடைத்தது. வாசலைத் தாண்டும்போது பித்தளைப் பலகையில் தன் முகம் தெரிந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள். அம்மா நடுவில், நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மூன்று பேரும் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் ஒரு பெண் அவளைப் பார்த்து, "ஊருக்கா?" என்று கேட்டாள். "அக்கா வீட்டுக்கு" என்றாள். உண்மைதான். திண்டிவனத்தில் அவளுடைய அக்கா இருந்தாள்.

இத்தனை வருடம் எழுதிப் பிழைத்துவிட்டேன், நதி பற்றி, நிலா பற்றி, என்னென்னவோ பற்றி. இதை மட்டும் கையில் எடுத்தால் வாக்கியம் கொதிக்கிறது. ஒரு பிஸ்டலை நிறுத்த அந்த ஊரில் ஒருவர் இருந்தார். தன் பெயரையே கொடுத்து அதை நிறுத்தினார். அதைப் பிடித்திருந்த கையை நிறுத்த ஒருவரும் இல்லை. சந்தையே நின்றது, தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. பானை உடைந்தால் கைதட்டியவர்கள் அனைவருக்கும் தெரியும், அந்த வீட்டில் பானைக்குப் பதில் யார் நிற்கிறாள் என்று. அவர்கள் எல்லாரும் நல்ல சாவு செத்தார்கள். ஊர் மாலை போட்டது.

விழுப்புரம் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. இரண்டுக்கும் நேரம் இல்லாத பார்வை.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. வாயைத் திறந்து கெடுத்தது நான். பிஸ்டல் அவருடையது. பின்னே ஏன் இவள் ஊரைவிட்டுப் போகிறாள்? அம்மாவிடம் கேட்டேவிட்டேன். என் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. அது எனக்குத் தந்த தண்டனை என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி, என் வீட்டு வாசலிலும் கணவர் பெயரில் ஒரு பலகை மாட்டப்பட்ட பிறகுதான், அந்தப் பிடி என் மேல் வந்த கோபத்தில் இறுகியதல்ல என்று தெரிந்தது.

விசில் ஊதியது. வண்டி நகரும்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

"ஐயோ அக்கா, அடுப்புல பால் வச்சிருந்தேன். அணைக்காம வந்துட்டேன்."

அம்மா ஒற்றைச் செருப்போடு வண்டி கூடவே நாலடி நடந்தாள்.

"தீயட்டும்" என்றாள். "நீ உக்காரு."